நான் இழுக்காத திரை

எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் திரை இழுப்பவன் நான்தான். யாரும் கூப்பிட்டுப் பதவி கொடுக்கவில்லை. குருக்களுக்கு உதவியாக இருந்தவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போன வாரம், குருக்கள் கையில் தீபத்தட்டுடன் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் நான் நின்றேன். அவ்வளவுதான். அலங்காரம் முடிந்ததும் அவர் உள்ளிருந்து தொண்டையைச் செருமுவார். நான் இடது கையால் மணியை அடித்து வலது கையால் கயிற்றை இழுப்பேன். திரை விலகும், தீபம் தெரியும், உட்கார்ந்திருக்கும் சனம் எழுந்து கும்பிடும். எல்லாருக்கும் முன்னால் அம்மன் முகத்தைப் பார்ப்பவன் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. என் மனைவி அதைக் கொஞ்சம் என்று சொல்ல மாட்டாள்.

மற்றபடி நான் பெர்மாஸ் ஜெயாவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். படித்தது மூன்றாம் படிவம் வரை. தேவாரம் நாலைந்து மனப்பாடம். இவ்வளவுதான் என் தகுதி.

சிகாமட்டில் ஆறு பெருகி ஊருக்குள் தண்ணீர் வந்த வருடம் அங்கே ஒரு முதியோர் இல்லத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. பெரியவர்களை எல்லாம் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டார்கள். மெத்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. புது மெத்தை வாங்கப் பணம் திரட்ட, என் வேனில் வரும் பிள்ளைகளின் தமிழ் டீச்சர் ஒரு நாடகம் எழுதி, ஜொகூர் மாநிலத்தில் நாலு ஊரில் போடப் போவதாகக் கோயிலில் அறிவித்தார். பெர்மாஸ் ஜெயா, தெப்ராவ், குளுவாங், கடைசியில் சிகாமட். நடிக்க ஆள் கிடைத்துவிட்டது, வேன் ஓட்ட ஒருவர் வேண்டும், அவரே மேடையில் திரையும் இழுத்தால் நல்லது என்றார். கூட்டத்தில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் மனைவியின் தலை முதலில் திரும்பியது.

நாடகம் ஒரு குடும்பக் கதை. நாலு நம்பர் லாட்டரி வாங்கியே வீட்டைக் கெடுக்கும் ஒரு புருஷன். கடைசிக் காட்சியில் அம்மனே நேரில் வந்து அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்பாள். புருஷனாக நடித்தவர் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். பாலத்து நெரிசலில் நின்று நின்று கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியவர். அம்மனாக நடித்தது பெர்மாஸ் ஜெயாவில் குடியிருந்து, தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் பெண். ஐந்தே கால் அடி. குரல் மட்டும் ஏழடிக்கு இருக்கும். மேற்பார்வை பார்த்துப் பார்த்து வந்த குரல் என்றார் டீச்சர்.

எனக்கு அந்த அம்மன் விஷயத்தில்தான் முதல் கவலை. ஒத்திகையில் பார்த்தேன், அம்மன் கையில் இருந்த தட்டில் சிவப்புச் சாயப்பொடி. சாமி வேஷத்துக்குப் பொய்க் குங்குமமா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. கோயிலில் அர்ச்சனை செய்த குங்குமத்தைக் கொண்டுபோய் மாற்றி வைத்தேன். கற்பூரமும் உண்மையான கற்பூரம்தான் என்றேன். மண்டபத்துக்காரர்கள் திட்டுவார்கள் என்று டீச்சர் தயங்கினார். ஒரே ஒரு கட்டி, பக்கத்தில் வாளித் தண்ணீரோடு நானே நிற்கிறேன் என்று சொல்லி சம்மதிக்க வைத்தேன். நாடகம் போடும் நாளில் கவிச்சி சாப்பிட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடமும் கேட்டுக்கொண்டேன். அவள் கணவர் கிறிஸ்தவர் என்று தெரிந்ததால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டேன்.

"அதெல்லாம் விரதம் இருக்கேண்ணே. வெள்ளிக்கிழமை எனக்குக் கோயில், ஞாயித்துக்கிழமை அவரோட சர்ச். சாமிங்களுக்குள்ள சண்டையே இல்ல. எங்கப்பாவுக்குத்தான் சண்டை" என்றாள்.

அன்று அதற்கு மேல் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டாள்.

பெர்மாஸ் ஜெயாவில் முதல் நாடகம். திரை திறக்கும்போது ஏதாவது சத்தம் கொடுங்கள், சனம் பேச்சை நிறுத்த வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த சத்தம் ஒன்றுதான். வீட்டுப் பூசை மணியைக் கொண்டுபோயிருந்தேன். டீச்சர் தலையை ஆட்டினார். இடது கையால் மணியை அடித்து வலது கையால் கயிற்றை இழுத்தேன்.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கைகூப்பிக் கும்பிட்டார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாதிப் பேர் எங்கள் கோயில் சனம். அந்த மணியைக் கேட்டு, அந்த மாதிரித் திரை விலகிப் பார்த்து, பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு. மூளை யோசிப்பதற்குள் முட்டி எழுந்துவிடும். முன்வரிசை அம்மாக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேடையில் இருந்ததோ நம் சிங்கப்பூர்க்காரர். கைலியும் பனியனுமாக, கட்டிலில் மல்லாந்து, குறட்டை விட்டுக்கொண்டு. முதல் காட்சியே அவர் சோம்பேறித்தனத்தைக் காட்டத்தான்.

குறட்டைக்கு நடுவில் அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ஊரே தன்னைக் கும்பிட்டு நிற்கிறது. படுத்தபடியே வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டு, மறுபடி குறட்டையைத் தொடர்ந்தார்.

சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. இடைவேளையில் டீச்சர் என்னைத் தேடி வந்தார். வகுப்பில் பின்பெஞ்சுப் பிள்ளையிடம் பேசுவது போல நிதானமாகப் பேசினார். இது நாடகம், கோயில் இல்லை, இனி மணி கூடாது என்றார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். சிங்கப்பூர்க்காரர்தான் எனக்காக வாதாடினார்.

"விடுங்கலா டீச்சர். எங்க வீட்டுல என்னைய ஒரு நாள் யாராவது இப்படி எழுந்து நின்னு பாத்திருக்காங்களா? இருந்துட்டுப் போகட்டும்."

கடைசியில் ஒரு சமரசம் ஆனது. அம்மன் வரும் காட்சிக்கு மட்டும் மணி அடிக்கலாம். அங்கே சனம் எழுந்தாலும் பொருத்தமாக இருக்கும்.

அந்த முதல் நாளில் எனக்கு வேறொன்றும் நடந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கயிறு இழுக்கிறவன் நிற்கும் மூலையில் இருந்து மேடை சரியாகத் தெரியாது. கட்டிலின் கால் தெரியும், நடிகர்களின் முதுகு தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் முழுசாகத் தெரியும். கோயிலில் இத்தனை வருடம் திரை இழுத்திருக்கிறேன், திரை விலகும்போது என் கண் அம்மன் மேல்தான் இருக்கும். பின்னால் நிற்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன். திரை விலகுகிற அந்தக் கணத்தில், என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னால், எல்லார் முகமும் ஒரே மாதிரி திறந்துகொள்கிறது. மடியில் ஹெல்மெட் வைத்திருந்த ஒருவர், கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த ஒரு பெண், குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்த ஒரு தகப்பன், எல்லாருக்கும் ஒரே முகம். ஏதோ நல்லது வரப்போகிறது என்று நம்புகிற முகம். அம்மன் உள்ளே இருந்து தினமும் பார்ப்பது இதைத்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. உடனே சிங்கப்பூர்க்காரர் குறட்டை காதில் விழுந்து சிரிப்பும் வந்துவிட்டது.

தெப்ராவிலும் குளுவாங்கிலும் நாடகம் நன்றாகவே போனது. மணி அடித்த இடத்தில் சனம் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தது. நான் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. முகம் பார்க்கவே எனக்கு நேரம் போதவில்லை. எந்த வசனத்துக்கு எந்தப் பக்கத்து மனைவி புருஷனை முழங்கையால் இடிப்பாள் என்றுகூடத் தெரிந்துபோனது. நாலு நம்பர் பற்றி வசனம் வந்தால் வலது பக்கம் நாலைந்து ஆண்கள் ஒன்றாகக் கூரையைப் பார்ப்பார்கள்.

குளுவாங்கிலிருந்து திரும்பும் வழியில் மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். அம்மனாக நடிக்கும் பெண் மட்டும் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுத்தது சிகாமட் என்று நான் சும்மா சொல்லப்போக, அவள் அப்பாவின் சண்டையைச் சொன்னாள்.

வெள்ளம் புகுந்த அந்த முதியோர் இல்லத்தில்தான் அவள் அப்பா இருக்கிறார். சிகாமட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஒரே மகள். அவள் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டது, அதிலும் வேதக்காரரைப் பார்த்துக்கொண்டது, அவருக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. இனி உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டார். மனைவி தவறிய பிறகு மகள் கூப்பிட்டும் போகாமல், தானே அந்த இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

"மாசா மாசம் போறேண்ணே. என் காரு சத்தம் கேட்டதும் சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவாரு. நான் பேசுவேன், முதுகு கேக்கும்."

"முதுகு என்ன சொல்லுது?"

"முதுகு நல்லாத்தான் இருக்கு. முட்டிதான் வலிக்குதுன்னு அங்க பொறுப்பா இருக்கிறவங்க சொன்னாங்க."

வீட்டில் கீழறையைக் காலி செய்து, சன்னலோரம் ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறாளாம். போட்டு ஒரு வருடம் ஆகிறது. கணவர்தான் அந்தக் கட்டிலைத் தூக்கி வந்து போட்டவர். அதை ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேன், முதுகு பதில் சொல்லவில்லை என்றாள். இந்த நாடகத்தில் நடிக்கச் சம்மதித்ததே அவர் ஒரு தடவையாவது தன் முகத்தைப் பார்ப்பார் என்றுதான். மேடையில் நிற்பவளுக்கு யாரும் முதுகைக் காட்டி உட்கார முடியாது இல்லையா?

அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மனே பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பேசாமல் வண்டியை ஓட்டினேன்.

சிகாமட்டில் நாடகத்தைப் பெரியவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வைத்திருந்தோம். இல்லத்துக்குப் போய் அவர்களை வேனில் ஏற்றி வருவது என் வேலை. எல்லாரும் முன்னமே தயாராகிப் பவுடர் பூசிக் காத்திருந்தார்கள். ஒரு பாட்டியம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, முன்சீட்டு தனக்குத்தான் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒருவர் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு, வேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அந்த முதுகைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது.

பக்கத்தில் போய், நாடகத்துக்கு வரலையாங்க ஐயா என்றேன்.

தோட்டத்தில் தான் பார்க்காத நாடகமா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்றார். கடைசியில் அம்மன் வரும் என்றேன். அதற்குக் கொஞ்சம் திரும்பினார்.

"அம்மனா நடிக்கிறது ஆம்பளையா பொம்பளையா?"

"பொண்ணுதாங்க."

"எந்த ஊரு?"

பொய் சொல்லி ஒருவரைச் சாமி பார்க்கக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. பெர்மாஸ் ஜெயா என்றேன்.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், மெதுவாக உள்ளே போய்விட்டார். கெடுத்துவிட்டாயடா என்று என்னையே திட்டிக்கொண்டேன். பூ வைத்த பாட்டியம்மா முன்சீட்டில் இருந்து ஹார்ன் அடித்தார். வண்டியை எடுக்கப் போகும்போது பெரியவர் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை மாற்றி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார்.

"பின்னாடிதான் உக்காருவேன். முன்னாடி வாங்கன்னு யாரும் கூப்பிடக்கூடாது" என்றார்.

சொன்னபடியே மண்டபத்தில் கடைசி வரிசையில், கதவோரம் போய் உட்கார்ந்தார். நான் மேடைக்கு ஓடி, திரைக்குப் பின்னால் தலையில் கிரீடத்தை ஊசி குத்தி மாட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் திரையிடுக்கில் எட்டிப் பார்த்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். அப்பாவையே உரித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

நாடகம் ஆரம்பித்தது. நான் அன்று ஒரே ஒரு முகத்தைத்தான் பார்த்தேன். சிங்கப்பூர்க்காரர் என்னென்ன கூத்தடித்தும் அந்த முகம் அசையவில்லை. முன்வரிசையில் பாட்டியம்மா சிரித்த சிரிப்பில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. கடைசிக் காட்சிக்காகத் திரையை மூடினோம். அந்தப் பெண் மேடை நடுவில் பீடத்தில் ஏறி நின்றாள். பட்டுச் சேலை, எலுமிச்சை மாலை, கையில் குங்குமத்தட்டு. கற்பூரத்தை ஏற்றிவிட்டு வாளியைப் பக்கத்தில் நகர்த்தினேன். மணியை அடித்துக் கயிற்றை இழுத்தேன்.

சனம் எழுந்து கும்பிட்டது. மற்ற ஊரில் எல்லாம் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். சிகாமட்டில் உட்காரவில்லை. உண்மையான கற்பூரம், உண்மையான குங்குமம், உண்மையான மணி. பாட்டியம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியேறி மேடைக்கே வந்துவிட்டார். அம்மன் எதிரே நின்று நெற்றியை நீட்டினார்.

அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிரசாதம் கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொல்கிற வழக்கம் எனக்குத் தெரியாது. தலையை ஆட்டினேன். அவள் விரலில் குங்குமம் எடுத்து வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் இல்லத்துப் பெரியவர்கள் அத்தனை பேரும், தடி ஊன்றியவர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தவர்கள், மெல்ல மெல்ல எழுந்து வரிசையில் வந்தார்கள். கால் ஊன்ற முடியாதவர்களைச் சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அம்மன் காலடியில் விழுந்து அழ வேண்டிய சிங்கப்பூர்க்காரர் எழுந்து, "வரிசையா வாங்க, தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு" என்று ஒழுங்கு செய்ய ஆரம்பித்துவிட்டார். சனம் இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கைதட்டியது.

குங்குமம் வாங்குகிறவர்கள் சும்மா போகவில்லை. ஒவ்வொருவரும் அம்மனிடம் குறையைச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது. ஒருவருக்கு இருமல். ஒருவருக்குப் பேரன் தேர்வில் பாஸாக வேண்டும். ஒருவர் இல்லத்துத் தொலைக்காட்சி ரிப்பேராகிக் கிடக்கிறது, அதைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லு தாயே என்றார்.

எதிர்ப்பக்கம் இருந்து டீச்சர் ஓடி வந்தார். அம்மனுக்காக அவர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய வசனம் ஒரு வரிகூட வெளியே வரவில்லை. முகம் சிவந்து, திரையைப் போடுங்க, திரையைப் போடுங்க என்று என்னிடம் கிசுகிசுத்தார். என் கை கயிற்றுக்குப் போனது. அப்போது வரிசையின் கடைசியில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பெரியவர் ஏறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இழுங்கண்ணே!"

"பிரசாதம் குடுத்துக்கிட்டிருக்கும்போது திரை போடுற வழக்கம் இல்லைங்க டீச்சர்" என்றேன்.

"இது கோயில் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

நான் கயிற்றை விட்டுவிட்டேன். அதைப் பிடிக்க டீச்சர் கை நீட்டியபோது, மன்னிக்க வேண்டும், நடுவில் நின்றுகொண்டேன். படித்தவரை, அதுவும் டீச்சரை, நான் எதிர்த்து நின்றது அதுதான் முதல் தடவை. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பார்வை போகும் பக்கம் பார்த்தார். அம்மனின் கன்னத்தில் மை கரைந்து ஓடுவதையும் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டார்.

பெரியவர் அம்மன் எதிரே வந்து நின்றார். மற்றவர்களைப் போல நெற்றியை நீட்டவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். அவர் கைகூப்பிக் கும்பிட்டார். மகளோடு பேசமாட்டேன் என்றுதானே சத்தியம், அம்மனோடு பேசுவதற்கு என்ன தடை?

"தாயே, எனக்கு ஒரு மக இருக்கா. பெர்மாஸ் ஜெயாவுல. பிடிவாதக்காரி. அவகிட்டச் சொல்லு. மாடி ஏற எனக்கு முட்டி ஒத்துக்காது. கீழ ரூமு இருந்தா வர்றேன்."

மண்டபத்தில் யாருக்கும் அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. டீச்சருக்குக் கேட்டது. அந்த ஏழடிக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை, குழந்தைக் குரலில் அம்மன் பதில் சொன்னாள்.

"இருக்கு. சன்னலோரம் கட்டில் போட்டிருக்கு."

"ஃபேன்?"

"இருக்குப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நெற்றியை நீட்டினார். விபூதிக்கு நடுவில் அவள் குங்குமம் வைத்தாள். கையெடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டே இருந்தாள். மறுபடி வரிசையில் வந்து நின்றிருந்த பாட்டியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எவ்ளோ நேரம்லா? மத்தவங்களுக்குக் குறை இல்லையா?"

இரண்டாம் தடவை வரக்கூடாது என்று சிங்கப்பூர்க்காரர் சொன்னதற்கு, தான் சொல்ல மறந்தது ஒன்று இருக்கிறது என்றார் பாட்டியம்மா. அதையும் சொல்லி முடித்த பிறகுதான் திரை மூடியது. மூடியது டீச்சர். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, கற்பூரப் புகை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

மெத்தைகள் வந்து இறங்கின, இல்லம் மறுபடி நன்றாக நடக்கிறது. தொலைக்காட்சியைச் சிங்கப்பூர்க்காரர் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பழுது பார்த்துக் கொடுத்தார். அம்மன் ஒப்புக்கொண்ட வேலை பாக்கி இருக்கக்கூடாது என்றார். டீச்சர் என்னோடு பழையபடி பேசுகிறார். அடுத்த நாடகத்தில் சாமியே வராது என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

எனக்குள் என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாகச் சொல்லத் தெரியாது. கோயிலில் திரை இழுக்கும்போது இப்போதெல்லாம் நான் உள்ளே பார்ப்பதில்லை. சனத்தின் பக்கம் திரும்பி நிற்கிறேன். அந்த ஒரு கணத்தில் திறந்துகொள்கிற முகங்களைப் பார்க்கிறேன். அவற்றில் எது யாரோடு பேசாமல் இருக்கிறதோ, எது எந்தச் சன்னலோரத்துக்காகக் காத்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது. முன்னெல்லாம் கும்பிடும்போது என் வேன், என் பிள்ளைகள், என் மூட்டுவலி என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். இப்போது அந்த முகங்களைப் பார்த்துவிட்டு, இவங்க கேக்கிறதைக் குடும்மா என்று மட்டும் சொல்கிறேன். குருக்கள் ஒரு நாள் தீபத்தட்டோடு நின்று என்னைப் பார்த்தார். "என்னப்பா, சாமி இந்தப் பக்கம்" என்றார். தெரியும் சாமி என்றேன்.

நாடகம் முடிந்த அடுத்த சனிக்கிழமை பெரியவரைக் கூட்டி வர என் வேன்தான் போனது. மகளும் மருமகனும் பின்சீட்டில். பெரியவர் என் பக்கத்தில். துணிப்பை ஒன்று, சாமி படம் ஒன்று, அவ்வளவுதான் சாமான். மருமகன் கை கொடுத்து ஏற்றியபோது கையைப் பிடித்துக்கொண்டார், பிடித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஏசி குளிருது. குறைக்கலாமான்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேளு."

சத்தியம் சத்தியம்தான் போலிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"குறைக்கச் சொல்லுங்கண்ணே. அப்படியே, அப்பாவுக்குப் பசிக்குதான்னும் கேளுங்க."

"பசிக்குதான்னு கேக்குறாங்க ஐயா."

"வழியில ரொட்டி சானாய் கடை இருந்தா நிப்பாட்டலாம்னு சொல்லு. மருமகன் சாப்பிடுவாரான்னும் கேட்டுச் சொல்லு."

பெர்மாஸ் ஜெயா வரைக்கும் இதே வேலைதான். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு காதில் அப்பா, ஒரு காதில் மகள். அம்மன் பார்த்துக்கொண்டிருந்த தூது வேலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.